வலப்பக்கத்துக்காரியின் கணக்கு

தேலுவின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபம். கடலை பொரிகிற வாசனையைப் பிடித்துக்கொண்டே நடந்தால் போதும், நேராக அவள் அடுப்படிக்கே போய்ச் சேரலாம். அங்கே தேலு இருப்பாளா என்பதுதான் சந்தேகம். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும், பக்கத்துத் தட்டில் எண்ணெய் பிழிந்த கடலைச் சக்கை உருட்டி வைத்தபடி இருக்கும், அவள் மட்டும் உப்பு வாங்கப் போயிருப்பாள். போகிற வழியில் யாராவது ஒருத்தி "வா, உக்காரு" என்று சொல்லிவிட்டால் உப்பும் போச்சு, எண்ணெய்ச் சட்டியும் போச்சு.

என் தங்கை பிள்ளைக்குப் பேர் வைத்தபோது ஒரு நாள் முன்னதாகவே வந்து, சோப்பும் துணியும் கொடுத்துவிட்டு, "ஏன் இன்னும் ஆடு அறுக்கல?" என்று சண்டை போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் திரும்ப வந்தாள், திரும்பச் சோப்பும் துணியும் கொடுத்தாள். முந்தின நாள் வந்தது நினைவே இல்லை. நாங்களும் சொல்லவில்லை. வருகிற சோப்பை யார் வேண்டாமென்பார்கள்?

நான் லாரே. கிதான் கலு என்ற எங்கள் ஊரில் சந்தைக்குப் போகும் பாதையில் தட்டைப்பயறு வடை சுட்டு விற்கிறவள். தேலுவைப் பற்றிச் சொல்ல என்னைவிட உரிமைப்பட்டவள் இந்த ஊரில் கிடையாது, ஏனென்றால் மூன்று வருடமாக அவள் கணக்கு என் வாயில்தான் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும்.

நாலு வருடத்துக்கு முன்னால் மராதி நகரத்திலிருந்து ஒரு பெண் மோட்டார் சைக்கிளின் பின்னால் ஒரு தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாள். ஏழைப் பெண்களுக்குக் கடன் கிடைக்க வழி கொண்டுவந்திருக்கிறாள் என்று பேச்சு. இருபத்திரண்டு பேர் ஓடினோம். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை.

"இதுல என்னம்மா இருக்கு?" என்று ராக்கியா அக்கா கேட்டாள். எங்களில் மூத்தவள் அவள்தான்.

"நீங்க என்ன போடறீங்களோ அது இருக்கும்" என்றாள் அந்தப் பெண்.

எங்களுக்கு மகா எரிச்சல். காலிப் பெட்டி கொடுக்கவா முப்பது கிலோமீட்டர் மண்ரோட்டில் வந்தாள் என்று அவள் போன பிறகு திட்டித் தீர்த்தோம். ஆனாலும் பெட்டி நல்ல பெட்டி. மூன்று பூட்டு. மூன்று சாவியும் மூன்று பேர் வீட்டில், பெட்டி நான்காவது ஆள் வீட்டில். ஒருத்தி புத்தி கெட்டுப் போகலாம், நாலு பேருக்கு ஒரே நாளில் கெட்டுப் போகாது என்று நினைத்திருப்பார்கள் போலும். வியாழக்கிழமை தோறும் காவோ மரத்தடியில் வட்டமாகப் பாய் போட்டு உட்காருவோம். ஒரு பங்கு நூறு பிராங்க். ஒருத்தி வாரத்துக்கு ஒன்றிலிருந்து ஐந்து பங்கு வரை போடலாம். சேர்ந்த பணத்தைத் தேவைப்பட்டவளுக்குக் கடனாகக் கொடுப்போம், அவள் வட்டியோடு திருப்புவாள். பக்ரீதுக்குப் பத்து நாள் முன்பு பெட்டியைத் திறந்து பங்குக்கு ஏற்ப எல்லாவற்றையும் பிரித்துக்கொள்வோம். பிரித்த கையோடு அடுத்த வருடத்து வட்டத்துக்கு உட்காருவோம்.

நோட்டுப் புத்தகம் கிடையாது. எங்களில் யாருக்கும் எழுதப் படிக்க வராது. பள்ளிக்கூடத்து வாத்தியார் தாமாகவே வந்து, "நான் எழுதித் தர்றேனே" என்றார்.

"உங்க நோட்டு தொலைஞ்சா நாங்க யாரைப் போய்க் கேக்கறது வாத்தியாரே?" என்றாள் ராக்கியா அக்கா. "எங்க தலை தொலையாது. கழுத்துல ஒட்டியிருக்கு."

எங்கள் முறை இதுதான். ஒவ்வொருத்தியும் தன் வலப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் எத்தனை பங்கு போட்டாள் என்று மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மாதந்தோறும் பிறை கண்ட பிறகு வரும் முதல் வியாழக்கிழமை ஒவ்வொருத்தியாக எழுந்து வலப்பக்கத்துக்காரியின் மொத்தத்தைச் சொல்ல வேண்டும். எல்லோர் காதிலும் அது விழ வேண்டும். தன் பணத்துக்குத் தன் வாயே சாட்சி ஆகாது. முதல் வருடம் ஒருத்தி பிரிக்கிற அன்று தனக்குப் பத்து பங்கு கூட இருக்கிறது என்று சத்தியம் செய்து அழுத பிறகு எங்களில் ஒருத்தியான சுவேரா கொண்டுவந்த சட்டம் அது.

வருடம் தொடங்கும் அன்று வட்டம் போடுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் ராக்கியா அக்கா உட்காருவாள். அவளிடம் தன் கணக்கை நம்பிக் கொடுக்கிறவள் அவளுக்கு வலப்பக்கம் வந்து உட்காருவாள். அடுத்தவள் அவளுக்கு வலப்பக்கம். இப்படியே வட்டம் நீளும். ஒருத்திக்கு வலப்பக்கம் யாருமே வந்து உட்காரவில்லையென்றால் அவள் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். யாரும் யாரையும் போகச் சொல்ல மாட்டார்கள். சும்மா நிற்பார்கள், அவ்வளவுதான்.

தேலு வந்து எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம், மூன்றாம் வருடம், இந்தோ உட்கார்ந்தாள். கல்யாணமாகி அப்போதுதான் ஊருக்கு வந்த பெண், தேலுவின் புகழ் அவள் காதுக்கு எட்டியிருக்கவில்லை. இந்தோவுக்கு வலப்பக்கம் சுவேரா.

வட்டத்தில் சேருவதற்கு முன் தேலு கூலிக்கு எண்ணெய் பிழிந்தாள். வியாபாரி வீட்டுக் கடலையை வறுத்து, இடித்து, கை தோல் உரியப் பிசைந்து எண்ணெயைச் சட்டி சட்டியாக அளந்து கொடுத்துவிட்டுச் சக்கையைக் கூலியாக வாங்கி வருவாள். அதை உருட்டிக் கல்லு மாதிரி கெட்டியான குலிகுலி என்ற பலகாரம் பொரித்து விற்றால் ஐந்து பிள்ளைகளுக்குக் கம்பங்களி கிண்டலாம், குழம்புக்குக் கை கடிக்கும். புருஷன் சானி மழை நின்றதும் கானோ நகரத்துக்குத் தண்ணீர் சுமக்கும் கூலிவேலைக்குப் போனால் அடுத்த மழைக்குத்தான் வருவான்.

முதல் வருடம் பெட்டியிலிருந்து பதினைந்தாயிரம் பிராங்க் வாங்கி, அறுவடை விலையில் இரண்டு மூட்டைக் கடலை சொந்தமாக வாங்கினாள். ஒரு மூட்டையைப் பிழிந்து விற்றுக் கடனை அடைத்தாள். இன்னொன்றைக் கம்புக் குதிருக்குப் பின்னால் வைத்துவிட்டு மறந்தே போனாள். சத்தியமாகச் சொல்கிறேன், மறந்தே போனாள். மழைக்கு முன்னால் குதிருக்குப் பின்னால் பெருக்கும்போது மூட்டை காலில் இடித்தது. அப்போது கடலை விலை இரட்டிப்பாகியிருந்தது. ஊரில் மற்றவர்களெல்லாம் அவசரப்பட்டு விற்றுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது தேலு மட்டும் வெள்ளாட்டுக்குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சந்தையிலிருந்து பாடிக்கொண்டே வந்தாள். அது முதல் கூலிக்குப் பிழியவில்லை. தன் கடலை, தன் எண்ணெய், தன் சக்கை. பெரியவன் காலில் செருப்போடு பள்ளிக்கூடம் போனான். வட்டத்தை விட்டுப் போனால் அவள் திரும்ப வியாபாரி வீட்டு உரலுக்குத்தான் போக வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

இனி சுவேரா. துணி வியாபாரம் செய்கிறவள், பெட்டியின் ஒரு சாவிக்காரி, வாரம் தவறாமல் ஐந்து பங்கு போடுகிறவள். தேலுவுக்கு மாமன் மகள். எங்கள் பக்கத்தில் அத்தை பிள்ளையும் மாமன் பிள்ளையும் ஒருவரையொருவர் எவ்வளவு கேலி செய்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சுவேரா அந்த உரிமையில் ஒரு நூல்கூட விட்டுவைத்ததில்லை.

"ஏ மதினி, தலையை வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டியா?"

"இங்கதான் இருந்துச்சு மதினி. நீ வாயைத் திறந்த காத்துல பறந்துபோச்சு."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கும். கேலி வேறு, கணக்கு வேறு. அந்த மூன்றாம் வருடம் கடலை அறுவடை முடிந்த சமயத்தில் கணக்கு சொல்லும் வியாழக்கிழமை வந்தது. தேலு எழுந்தாள். வானத்தைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், தன் கால் விரலைப் பார்த்தாள்.

"இந்தோ... நாப்பத்திரண்டு."

போன மாதமே ஐம்பத்தொன்று என்று எங்கள் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. பங்கு கூடலாம், குறைய முடியுமா? இந்தோ கண்ணில் நீர் தளும்ப உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் காலை மிதித்தாலும் வாய் திறக்காது. ஆளுக்கொரு பக்கம் யோசித்துச் சரியான எண்ணைக் கொண்டுவர ஒரு மணி நேரம் ஆயிற்று. தேலுவுக்கு ஐம்பது பிராங்க் அபராதம். அடுத்த மாதமும் தடுமாறினாள், இன்னொரு ஐம்பது.

சுவேரா எழுந்து நின்றாள். "இப்ப நான் சொல்றது கேலி இல்ல. இந்தப் புள்ளையோட வயித்துப் பணம் இவ வாயில கரையுது. இன்னொரு அபராதம் விழுந்தா இவளை வெச்சுக்கறது நமக்கு நல்லதில்ல."

"வருஷம் முடியட்டும்" என்றாள் ராக்கியா அக்கா. "புது வட்டம் போடற அன்னைக்கு அவளுக்கு வலப்பக்கம் யார் வந்து உக்கார்றாங்கன்னு பார்த்துக்கலாம்."

அன்று சாயங்காலம் தேலு என் வடைச்சட்டிக்குப் பக்கத்தில் வந்து குந்தினாள். "லாரே, கணக்கைத் தலைக்குள்ள போட்டா ஒழுகிப் போயிடுது. நான் என்னதான் பண்றது?" என்றாள். நான் ஒரு வடையை எடுத்துக் கொடுத்தேன். வேறென்ன சொல்ல? புது வட்டத்தில் நான் அவளுக்கு வலப்பக்கம் உட்காருவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மாட்டேன் என்றுதான் பதில் வந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? அதற்குப் பிறகு வந்த மாதங்களில் கணக்கை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்து, எப்படியோ மூன்றாவது அபராதம் விழாமல் தப்பித்தாள்.

வருடம் முடிய ஆறு வாரம் இருக்கும்போது இந்தோவுக்குத் தலைப்பிரசவம். வழக்கப்படி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாற்பது நாள் வெந்நீர்க் குளியல் முடியாமல் தாயும் பிள்ளையும் எங்கும் நகர முடியாது. அதுவரை அவள் பங்கை நிறுத்தி வைத்தோம். வட்டத்தில் அவள் இடம் காலியாக இருந்ததால் எல்லோரும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தோம். இடையில் கணக்கு சொல்லும் நாள் ஒன்று வந்தது. சுவேராவின் முறை வந்தபோது அவள் கணக்கைச் சொல்ல வேண்டிய இந்தோ இல்லை.

"அவ வந்து சொல்லட்டும்" என்று எங்களில் யாரோ சொன்னார்கள். எல்லோரும் தலையாட்டினோம். சுவேராவும்கூட ஆட்டினாள். இருந்த அத்தனை தலையில் ஒன்றில்கூட அது தப்பென்று தோன்றவில்லை.

பிரிக்கிற நாள் வந்தது. முதல் மழை பெய்து மண் குளிர்ந்திருந்தது. காவோ மரம் வழக்கம்போல, மற்ற மரங்களுக்கு நேர்மாறாக, மழையோடு இலையை உதிர்த்துவிட்டு நின்றது. எல்லோரும் நல்ல துணியாக உடுத்தி வந்திருந்தோம். ஆளுக்கொரு திட்டம். ஒருத்திக்குச் செம்மறிக் கிடா, ஒருத்திக்குக் கூரைத் தகரம். சுவேரா மகளின் கல்யாணத்துக்கு எனாமல் கிண்ணங்கள் வாங்கக் கடைக்காரனிடம் சொல்லிவைத்துவிட்டே வந்திருந்தாள். இந்தோ முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு நேராக அம்மா ஊரிலிருந்து வந்து இறங்கினாள்.

ஒவ்வொருத்தியாக எழுந்து கணக்கு சொல்ல, ராக்கியா அக்கா பங்குக்கு ஒரு தட்டைப்பயறு வீதம் சுரைக்குடுக்கையில் எண்ணிப் போட்டாள். நான் தேலுவின் கணக்கைச் சொன்னேன், நூற்று அறுபது. தேலு எழுந்தாள். காலையிலிருந்து உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டே வந்ததை எல்லோரும் பார்த்திருந்தோம்.

"இந்தோ, நூத்தி நாப்பத்தாறு!" என்று கத்திவிட்டுச் சுமையை இறக்கினவள் மாதிரி உட்கார்ந்தாள். சரியான எண். இந்தோ சிரித்தாள்.

பிறகு இந்தோ எழுந்தாள். "சுவேரா அக்கா இருநூத்திப் பத்து."

"அது நீ ஊருக்குப் போற வரைக்கும்" என்றாள் சுவேரா. "அதுக்கு மேல?"

"அதுக்கு மேல நான் எங்கம்மா வீட்டுல இருந்தேனே, அக்கா?"

 அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆறு வாரம் சுவேரா போட்ட பணத்துக்கு யார் வாயும் கிடையாது. பெட்டியிலோ பங்கு, வட்டி, அபராதம், திரும்பி வந்த கடன் எல்லாம் கலந்து கிடந்தது. அதிலிருந்து யார் பிரித்தெடுப்பது?

"முப்பது" என்றாள் சுவேரா. "வாரம் அஞ்சு, ஆறு வாரம். இதுல என்ன கேள்வி? நான் எப்பவும் அஞ்சுதானே போடுவேன்? எல்லாரும் பார்த்தீங்கல்ல?"

எல்லோரும் குடுக்கையைப் பார்த்தோம். சாட்சியில்லாத பங்கு எல்லோருக்குமாகப் பிரியும். ஆளுக்கு நூற்றெண்பது பிராங்க் தேறும் என்று நான் மனதுக்குள் போட்டும் பார்த்துவிட்டேன். போட்டுப் பார்க்காதவள் யாரென்று கேட்டுச் சொல்லுங்கள்.

"தன் பணத்துக்குத் தன் வாய் சாட்சி ஆகாதே" என்று பின்பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. சட்டம் போட்டவள் யாரென்பதை எல்லோரும் அறிவோம். சிலர் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். சுவேராவின் முகம் வெளுத்தது. அவளை அப்படிப் பார்த்ததே இல்லை, எனக்குக்கூடப் பாவமாகிவிட்டது.

ராக்கியா அக்கா கையை உயர்த்தினாள். "அந்த ஆறு வாரமும் இவளுக்கு இடப்பக்கம் உக்காந்திருந்தது யாரு?"

எல்லாத் தலையும் திரும்பிற்று. தேலு இந்தோவின் பிள்ளைக்கு உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டிருந்தாள்.

"நானா?" என்றாள்.

"அல்லாவே, இவளா!" என்று சுவேரா தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்கு அந்த மரத்தையே கேக்கலாம்!"

தேலு எழுந்தாள். வானத்தைப் பார்க்கவில்லை, மரத்தைப் பார்க்கவில்லை. நேராகச் சுவேராவைப் பார்த்தாள்.

"முதல் வாரம். 'உன் குலிகுலியை விக்கறப்ப ஒரு சுத்தியலும் சேர்த்து வில்லு'ன்னு சொன்ன. சொல்லிட்டு அஞ்சு போட்ட.

"ரெண்டாவது வாரம் நான் முக்காட்டை உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி போட்டுட்டு வந்தேன். 'இதுதான் அழகா இருக்கு, மூஞ்சியையும் திருப்பிப் போட்டுக்க'ன்ன. அஞ்சு.

"மூணாவது வாரம். 'சானி கானோவுல இன்னொருத்தியைக் கட்டினா, நீ போய்க் கல்யாணச் சோறு தின்னு வாழ்த்திட்டு வருவ, மாப்பிள்ளை யாருன்னுகூடக் கேக்க மாட்ட'ன்ன. அன்னைக்கும் அஞ்சு."

வட்டமே குலுங்கிச் சிரித்தது. சானியைப் பற்றிச் சொன்னது எங்கள் எல்லோருக்கும் நினைவிருந்தது, அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தோம். எத்தனை போட்டாள் என்பது மட்டும் எங்களில் ஒருத்திக்கும் நினைவில்லை.

"எப்படிடி இதெல்லாம் ஞாபகம் வெச்ச?" என்றாள் ராக்கியா அக்கா.

"இவ திட்டினது மறக்குமா அக்கா? ராத்திரி படுத்தா பதில் யோசிச்சுக்கிட்டே கிடப்பேன். திட்டு ஞாபகத்துக்கு வந்தா கூடவே காசு விழுந்த சத்தமும் வந்துடும். இந்தோ பாவம், வாயே திறக்கிறதில்ல. அவ கணக்கை நான் எதுல கொண்டுபோய் மாட்டறது?"

எனக்கு அப்போதுதான் தேலுவின் தலை புரிந்தது. வெறும் எண் அதில் நிற்காது. மனுஷர் பேசினது மட்டும் நிற்கும், பேசின சூடு மாறாமல் நிற்கும்.

"மேல சொல்லு" என்றாள் சுவேரா. அவள் குரலில் உயிர் வந்திருந்தது.

"நாலாவது வாரம் ரெண்டு."

"என்னது? அஞ்சு!"

"ரெண்டு மதினி."

"நான் பொறந்ததுலேர்ந்து ரெண்டு பங்கு போட்டதில்ல! பாருங்கடி, இவ்வளவு நேரம் ஒழுங்கா வந்துட்டு இப்ப குழியில விழறா."

தேலு விரல்களைப் பிசைந்தாள். "வெளிய சொன்னா கொன்னுடுவேன்னு சொன்னியே. சொல்லட்டுமா?"

"எதைச் சொல்லாதன்னேன்? சொல்லித் தொலை!"

"அந்த வாரம் சின்னவளுக்குக் காய்ச்சல். இருந்த காசெல்லாம் மாத்திரைக்குப் போச்சு. வெறுங்கையோட வந்து உக்காந்தேன். ஒரு பங்காவது போடலன்னா அபராதம், அது மூணாவது அபராதம். நீ என் கையை இழுத்து மூணு நூறைத் திணிச்ச. 'வாயைப் பொத்திக்கிட்டுப் போடு, உன் அழுமூஞ்சியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என்னால உக்கார முடியல'ன்ன. அதை என் பேர்ல போட்டேன். உன்கிட்ட ரெண்டுதான் மிச்சம் இருந்துச்சு."

சொல்லிக்கொண்டே இடுப்புத் துணியின் முனையைத் தேடிப் பிடித்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். மூன்று நாணயம். "திருப்பிக் குடுக்கணும்னு மறு வாரமே முடிஞ்சு வெச்சுட்டேன். தினம் நினைச்சுக்கிட்டுதான் வருவேன். உன்னைப் பார்த்ததும் நீ ஏதாவது சொல்லுவ, நான் ஏதாவது சொல்லுவேன், காசு மறந்துடும்."

நான் எழுந்தேன். எழாமல் முடியவில்லை. "அந்த வாரம் தேலு மூணு பங்கு போட்டா. அது என் வாயில இருக்கு. கையில காசு இல்லாம வந்ததும் எனக்குத் தெரியும். வழியில என்கிட்ட ஒரு நூறு கேட்டா. இல்லன்னு சொல்லிட்டேன்." மிச்சத்தையும் சொல்லிவிட்டேன். "என்கிட்ட இருந்துச்சு."

தேலு என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. நான் இல்லையென்று சொன்னதுகூட அவளுக்கு நினைவில்லை போலிருந்தது. எனக்குத்தான் வெட்கம் பிடுங்கித் தின்றது.

சுவேரா அந்த மூன்று நாணயத்தைப் பார்த்தாள். "நான் குடுத்தேனா?" என்றாள் மெல்ல.

"குடுத்த."

"ஆமா" என்றாள் பிறகு. "ஆமா. குடுத்தேன்." முக்காட்டு முனையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஒரு பிராங்கைக்கூட விட்டுக்கொடுக்காத சுவேரா, கொடுத்ததை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளவே இல்லை. அதுவும் யாரை வெளியே அனுப்ப வேண்டுமென்று சொன்னாளோ அவளுக்குக் கொடுத்தது. மனுஷியை என்னவென்று சொல்வது!

ஐந்தாவது, ஆறாவது வாரத்துத் திட்டுகளை இங்கே சொன்னால் மரியாதையாக இருக்காது. இரண்டுக்கும் ஐந்து ஐந்து. மொத்தம் இருபத்தேழு. ராக்கியா அக்கா இருபத்தேழு பயறை எண்ணிப் போட்டாள்.

"பாவம், முப்பதாவே வெச்சுக்கலாமே அக்கா" என்று யாரோ பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

"வேண்டாம்" என்றாள் சுவேரா முக்காட்டுக்குள்ளிருந்தே. "அவ சொன்னதுதான் கணக்கு."

மூன்று பூட்டும் திறந்தன. ஒரு பங்குக்கு நூற்று முப்பத்தொரு பிராங்க் வந்தது. போன வருடத்தைவிட அதிகம். மடியில் விழுந்த நோட்டுகளைப் பார்த்து ஒருத்தி குலவையிட, இன்னொருத்தி எழுந்து ஆடினாள். இருக்கிற பானை மூடியெல்லாம் தாளமாயிற்று. தேலு தன் இருபதாயிரத்துச் சொச்சத்தை இரண்டு தரம் எண்ணினாள், மூன்றாம் தரம் என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னாள். அவள் ஆடவில்லை. அடுத்தது என்ன என்பது அவளுக்கு மறக்கவில்லை.

பாயை உதறிப் போட்டார்கள். ராக்கியா அக்கா உட்கார்ந்தாள். அவளுக்கு வலப்பக்கம் ஒருத்தி, அவளுக்கு வலப்பக்கம் இன்னொருத்தி. என் முறை வந்தது, உட்கார்ந்தேன். தேலு வந்து எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். என்னை, நூறு பிராங்கை மறைத்தவளை நம்பித் தன் கணக்கைக் கொடுக்க வந்து உட்கார்ந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு தரையையே பார்த்திருந்தாள். அவளுக்கு வலப்பக்கத்தில் பாய் வெறுமையாக இருந்தது. 

இந்தோ பிள்ளையை முதுகில் சரிசெய்துகொண்டு மெல்ல முன்னால் வந்தாள். உட்காரக் குனிந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு இடுப்பு வந்து அவளை இடித்துத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தொப்பென்று உட்கார்ந்தது.

"சுவேரா அக்கா! அது என் இடம்!" என்றாள் இந்தோ. அந்தப் பெண் குரலை உயர்த்தி நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை.

"போ புள்ள. இவகிட்ட கணக்கு குடுக்கணும்னா வாய் வேணும். உனக்கு அது இன்னும் முளைக்கல. எனக்கு வலப்பக்கம் உக்காரு, உன் கணக்கை நான் பார்த்துக்கறேன்."

எல்லோரும் சிரித்தோம். தேலு மட்டும் சிரிக்கவில்லை. முக்காட்டு முனையால் கண்ணை அழுத்திக்கொண்டாள், தோள் குலுங்கிற்று. சுவேரா அவளைப் பார்க்காமல் மடியிலிருந்து ஐந்து நாணயத்தை எடுத்துப் புது வருடத்தின் முதல் பங்காகத் தட்டில் எறிந்தாள்.

"ஒரு விஷயம் மதினி" என்றாள் தேலு மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "இன்னைக்கு நடந்ததை நினைச்சு நீ நல்லவளாயிட்டன்னு வெச்சுக்க, உன் பணத்துக்கு நான் பொறுப்பில்ல. வாரம் ஒரு திட்டாவது வேணும்."

"அதுக்கு நீ கவலையே படாத. மூக்கைத் துடைடி முதல்ல. உன் மூக்கு ஒழுகறதுலயே ஒரு சட்டி எண்ணெய் எடுக்கலாம்."

"முதல் வாரம், அஞ்சு!" என்று தேலு ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.